சுவருக்கும் மூச்சு விடணும்

ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் சிற்றாலயம் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. 1446-இல் சின்கிளேர் பிரபு கட்டத் தொடங்கியது, கூரை உள்பக்கம் கல்லிலேயே செதுக்கிய நட்சத்திரங்கள் எல்லாம் சரி. ஆனால் 1950-களில் உள்ளே சிமெண்ட் பால் பூசியதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! கல்லில் இறங்கிய ஈரம் வெளியேற முடியாமல் போனது அதனால்தான். அப்புறம் 1997-இல் மேலே இரும்புக் கூடாரம் போட்டு, 2010 வரை காயவைக்க வேண்டியதாயிற்று.

நான் மலேசியாவில், ஈப்போவுக்கு அருகே பத்து காஜா பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவன். தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் எங்களுக்கும் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயில் உண்டு. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே தகரம். மழை வலுத்தால் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார், ஒரு சொல் காதில் விழாது. நல்லெண்ணத்தில்தான் நாங்கள் சிமெண்ட் பூசினோம். இரண்டே வருஷம், பீடத்துப் பக்கம் விரலால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வந்தது. பெயர்த்துப் பார்த்தால் உள்ளே செங்கல் மாவாக உதிர்கிறது. “சுவருக்கும் மூச்சு விடணும் தம்பி” என்றார் கொத்தனார்.

ஈப்போ வட்டாரத்தில் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தவர் இருந்தால் இங்கேயே எழுதுங்கள். சுற்றிலும் சுண்ணாம்பு மலைதான், பூசத்தான் ஆளில்லை.