பழைய லேப்டாப்பும் நம்ம குரூப் மேதாவிகளும்

ஞாயிற்றுக்கிழமை நம்ம குரூப்பில், பழைய லேப்டாப் வைத்திருக்கும் ஒரு பெரியவர் கேட்ட கேள்விக்கு எல்லோரும் சிரித்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் கேலியின் ஸ்கிரீன்ஷாட் வேறு குரூப்புகளுக்கும் போய், இன்று காலை அல்சூர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்த என்னிடமே ஒருவர் சிரித்துக்கொண்டு நீட்டினார். இனி சும்மா இருக்க முடியாது.

அந்தப் பெரியவர் கேட்டது என்ன? "குரோம்ல இனிமே அப்டேட் வராதுன்னு மேல ஒரு வரி வருது, நான் என்ன செய்யணும்?" அவ்வளவுதான். வந்த பதில்கள்: மியூசியத்துக்குக் கொடுங்க சார். பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க சார். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ஒயிட்ஃபீல்டு, மான்யதா, எலக்ட்ரானிக் சிட்டி என்று பெங்களூரின் ஐடி பேட்டைகளில் நாலா பக்கமும் வேலை பார்க்கிறவர்கள் நிறைந்த குரூப். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

சரி, நான் சொல்கிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவள்தான், எஞ்சினியர் இல்லை. தப்பிருந்தால் திருத்துங்கள்.

அவருடையது விண்டோஸ் 7. 2023 பிப்ரவரியில் வந்த குரோம் பிரவுசரின் 110-ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் 7-ஐயும் 8.1-ஐயும் கூகுள் கைவிட்டுவிட்டது. அவற்றில் கடைசியாக ஓடுவது 109-ஆம் பதிப்பு. அதற்குப் பிறகு கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டைகளையெல்லாம் புதுப் பதிப்புகளில் அடைத்துக்கொண்டே வருகிறார்கள். எதை அடைத்தோம் என்று வெளியிலும் சொல்கிறார்கள். திருடனுக்கு 109-இல் எங்கே கை வைக்கலாம் என்ற விவரம் அதிலேயே கிடைத்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. லேப்டாப் பழசு என்பதில் இல்லை, பிரவுசர் பழசாகி நின்றுபோனதில் இருக்கிறது. பெரியவர் கேட்டதும் சரியாக அதைத்தான். குரூப்பிலேயே விவரமான கேள்வி அவருடையதுதான், சிரித்த கூட்டத்துக்கு அது புரியவில்லை.

"பாதுகாப்புக்காகத்தானே அக்கா புதுசு வாங்கச் சொன்னோம்" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்தார். அப்படியா? பேரீச்சம்பழத்தில் எங்கே தம்பி பாதுகாப்பு இருக்கிறது? அக்கறை இருந்தால் இரண்டு வரி போதும். ஃபயர்ஃபாக்ஸ் என்ற இன்னொரு பிரவுசரின் 115 நீண்டகாலப் பதிப்பு விண்டோஸ் 7-இல் ஓடும், குரோம் நின்ற பிறகும் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன, அதை வெளியிடும் மொசில்லா பலமுறை தவணையை நீட்டித்தது, ஆனால் அந்தத் தவணையை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது. இதுதான் முதல் வரி. விண்டோஸ் 7-க்கே மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பொதுவான ஆதரவை நிறுத்திவிட்டது, அதனால் எந்த பிரவுசர் போட்டாலும் பேங்க் வேலை அதில் வேண்டாம், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற சிஸ்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். இது இரண்டாவது வரி. முடிந்தது. இதை எழுத ஒரு நிமிடம் ஆகுமா?

"வயசானவருக்கு லினக்ஸா?" என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். அவர் அதில் என்ன ராக்கெட்டா விடப்போகிறார்? காலையில் பேப்பர் படிப்பார், மகளோடு வீடியோவில் பேசுவார், கரண்ட் பில் கட்டுவார். எல்லாம் பிரவுசருக்குள் நடக்கிற வேலை. மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்று ஒரு லேசான பதிப்பு இருக்கிறது. 64 பிட் மெஷினாக இருந்து 2 ஜிபி ரேம் இருந்தாலே ஏறும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. பென்டிரைவில் போட்டு, உள்ளே இருப்பது எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் அதிலேயே வரும், சிஸ்டத்தோடு சேர்ந்து அப்டேட்டும் ஆகும். போனில் பார்த்தால் போதாதா என்கிறவர்களுக்கு: கண் ஆபரேஷன் ஆனவர். அவ்வளவுதான் சொல்வேன்.

என்னுடையதும் பழசுதான். உள்ளே இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 சிப். மெதுவாகிவிட்டதே என்று கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மெஷினுக்கு ஒண்ணும் இல்லக்கா, டிஸ்க்குதான் இழுக்குது" என்றான். அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கிக் கொடுத்தான். அதில்தான் இன்றுவரை கடைக்காரர்களின் கணக்கெல்லாம் போகிறது. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல்லாவது வேண்டும், அதனால் என் லேப்டாப்பைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டால் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். சிரித்தவர்களே, உங்கள் வீட்டில் பிள்ளைகள் ஆன்லைன் கிளாஸுக்கு வாங்கிய லேப்டாப் எந்தத் தலைமுறை என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். பேரீச்சம்பழம் நானே வாங்கி வைக்கிறேன்.

புதுசு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இன்னொன்று. எங்கள் தெரு டெய்லர் போன வருஷம்தான் புது லேப்டாப் வாங்கினார். வலது பக்கம் கீழே சிவப்பாக "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று ஒரு கட்டம் வந்து வந்து போனது. மனுஷன் பயந்து, அதில் இருந்த நம்பருக்குப் போன் போடவே கிளம்பிவிட்டார். வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏதோ படம் பார்க்கிற சைட்டில் "அலோ" என்ற அனுமதி பட்டனை அமுக்கியிருக்கிறார். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்த சைட்டை எடுத்ததும் கட்டம் காணாமல் போனது. அப்புறம் எக்ஸ்டென்ஷன் என்று பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் சின்ன புரோகிராம்களின் பட்டியல். பிடிஎஃப் மாற்றித் தருகிறேன், கூப்பன் தேடித் தருகிறேன் என்று இரண்டு மூன்று. ஒவ்வொன்றுக்கும் எல்லா சைட்டிலும் எல்லாவற்றையும் படிக்க அனுமதி! பேங்க் பக்கத்தையும் சேர்த்துத்தான். எல்லாவற்றையும் தூக்கினேன். புது மெஷினில் இத்தனை குப்பை. பழைய மெஷினில் ஃபயர்ஃபாக்ஸும் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷனும் போட்டு வைத்தால், விளம்பரம் இறங்காது, அந்த மெஷினுக்கும் மூச்சு வாங்காது. (குரோமில் ஆரிஜினை நிறுத்திவிட்டார்கள், லைட் என்று குறுக்கப்பட்ட ஒன்றுதான் கிடைக்கும். கூகுளுக்கு விளம்பரம்தானே சோறு.)

"கூகுள்மேல் உங்களுக்கு ஏதோ கோபம்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

என் கோபம் வேறு. அந்தப் பெரியவர் யார் என்று சிரித்த பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ, அவர்களுடைய அப்பா அம்மாவுக்குத் தெரியும். வேலூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் இந்தத் தெருவுக்கு வந்து இறங்கியவர்களுக்கு ரேஷன் கார்டு மனு, கேஸ் கனெக்‌ஷன், ஸ்கூல் அட்மிஷன் எல்லாவற்றையும் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தவர் அவர். ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து எழுதுவார். என் அப்பாவும் போய் வரிசையில் நின்றிருக்கிறார். கன்னடம் தெரியாமல் எதற்கய்யா பெங்களூருக்கு வந்தீர்கள் என்று அவர் ஒருவரையும் கேட்டதில்லை. இன்று அவருக்கு ஒரு வரி புரியவில்லை என்றால் ஊரே சிரிக்கிறது. நேற்று ராத்திரி பார்த்தேன், குரூப்பிலிருந்தே வெளியேறிவிட்டார். அதைக்கூட ஒருத்தரும் கவனிக்கவில்லை.

நான் குரூப்பில் பதில் போட்டதும் வந்த கமெண்ட் "அக்கவுண்டன்ட் அக்கா டெக் சப்போர்ட் ஆயிட்டாங்க". ஆமாம், ஆயிட்டேன். சம்பளம் வாங்குகிற சப்போர்ட் வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாராவது ஆகத்தானே வேண்டும்? படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

இதற்குக் கீழே "இந்த மாடல் ஆஃபரில் இருக்கு" என்று லிங்க் போட்டால் அழித்துவிடுவேன், வருத்தப்படாதீர்கள். வீட்டு மெஷின் 32 பிட்டா 64 பிட்டா என்றுகூடத் தெரியாமல் முழிக்கிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள். 20-ஆம் தேதி வரை ரிட்டர்ன் வேலை இருக்கிறது, பதில் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வரும்.