ஜெர்மனியின் அணுமின் விலகல் மெர்கெலின் தனி முடிவா?

2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தைக் கண்டு அஞ்சிய அப்போதைய ஜெர்மன் சான்சலர் (அரசின் தலைவர்) ஆங்கெலா மெர்கெல், ஜெர்மனியின் அணு உலைகளை மூடத் தன்னிச்சையாக முடிவெடுத்தார் என்று பரவிவரும் செய்தி தவறானது. அவருக்கு முன் சான்சலராக இருந்த ஷ்ரோடர் தலைமையிலான சமூக ஜனநாயக, பசுமைக் கட்சிகளின் கூட்டணி அரசு 2000-ஆம் ஆண்டிலேயே அணு உலைகளைப் படிப்படியாக மூட மின் நிறுவனங்களுடன் பேசி உடன்பாடு கண்டு, 2002-இல் அதைச் சட்டமாக்கிவிட்டது. மெர்கெல் அரசோ 2010-இல் உலைகளின் ஆயுளைச் சராசரியாக 12 ஆண்டுகள் நீட்டித்தது. விபத்துக்குப் பின் அந்த நீட்டிப்பைத்தான் கைவிட்டது. அந்தத் திடீர்த் திருப்பம் அவருடையது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2011 ஜூன் 30 அன்று நாடாளுமன்றத்தில் உலைகளை மூடும் சட்டத்தை 513 பேர் ஆதரிக்க, 79 பேர் மட்டுமே எதிர்த்தனர். எதிர்த்தவர்களில் பெரும்பாலோரான இடதுசாரிக் கட்சியினரின் குறையே, மூடுவதில் வேகம் போதவில்லை என்பதுதான். கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று, மெர்கெலுக்குப் பின் சான்சலரான ஷோல்ஸ் ஆட்சியில் நிறுத்தப்பட்டன.