அவளுக்காக அடித்தான் என்று எழுதுபவர்களுக்கு

கல்லூரி ஐஸ் ஹாக்கியைப் பின்னணியாக வைத்து வரும் காதல் நாவல்களை நான் விடாமல் படிக்கிறவள். அதிலும் நாயகனும் நாயகியும் முதல் அத்தியாயத்திலேயே முறைத்துக்கொண்டு நின்றால், தூக்கம் போனாலும் பரவாயில்லை என்று முடித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். 'எனிமீஸ் டு லவ்வர்ஸ்' என்று இதற்குத் தனி வகையே இருக்கிறது. அந்த வகை மீது இருக்கும் பிரியத்தால்தான் இந்தக் குறையைச் சொல்கிறேன். இந்தக் கதைகளில் பகை ரொம்பவும் மலிவாகிவிட்டது.

நேற்று இரவு முடித்த நாவலை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எழுதியவரைப் புண்படுத்துவது என் நோக்கம் இல்லை. அவன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆண்கள் ஹாக்கி அணிக் கேப்டன். அவள் அதே பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியில் ஆடுகிறாள். இருநூறு பக்கத்துக்கு அவனை வெறுக்கிறாள். காரணம் என்னவென்றால், ஒரு பார்ட்டியில் அவன் சொன்னதில் பாதியைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். மீதிப் பாதி தெரிந்ததும் வெறுப்பு கரைந்துவிடுகிறது. இதை எப்படிப் பகை என்பது? யாராவது ஒருவர் நேராகப் போய்க் கேட்டிருந்தால் பத்தாவது பக்கத்திலேயே தீர்ந்திருக்கும்.

ஊடல் என்று நம்மிடம் ஒரு அழகான சொல் இருக்கிறது. ஊடலுக்கு முன்பே அங்கே காதல் இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதே, எப்படியும் சமாதானமாகிவிடுவோம் என்று இரண்டு பேருக்கும் உள்ளூரத் தெரியும். பகை வேறு. எதிரில் நிற்பவர் ஜெயித்தால் நம் கையை விட்டு ஏதோ ஒன்று போய்விடும், அதுதான் பகை. பல நாவல்கள் அட்டையில் பகை என்று போட்டுவிட்டு உள்ளே ஊடலைத்தான் எழுதுகின்றன. இன்னும் சில, அவன் அவளைப் பலர் முன்னால் அவமானப்படுத்துவதைப் பகை என்கின்றன. அதை நான் ஏற்கவே மாட்டேன். பகைக்கு இரண்டு பேரும் சமமாக நிற்க வேண்டும்.

எனக்கு ஆற்றாமையே, இந்த ஆட்டத்துக்குள் நிஜமான பகைக்குக் காரணங்கள் கொட்டிக்கிடக்கின்றன என்பதில்தான். கல்லூரி சீசனில் பெரும்பாலும் வெள்ளி இரவு ஒரு ஆட்டம், சனி இரவு அதே எதிரணியோடு இன்னொன்று. வெள்ளியன்று உன்னைச் சுவர்ப் பலகையோடு வைத்து நசுக்கியவனை மறுநாளே திரும்பப் பார்த்தாக வேண்டும். பாஸ்டனில் 1952-ல் தொடங்கிய பீன்பாட் போட்டியில் பாஸ்டன் கல்லூரி, பாஸ்டன் பல்கலைக்கழகம், ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் என்று ஒரே வட்டாரத்து நான்கு அணிகள் பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமைகளில் மோதுகின்றன. தோற்றவரும் ஜெயித்தவரும் மறுநாள் காலை ஒரே ரயிலில் ஏற வேண்டியிருக்கும். ஒரு காதல் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, அந்த நாவலின் நாயகிக்கு வருவோம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., ஆண்கள் ஹாக்கிக்கான தேசியப் பட்டப் போட்டியை 1948-லேயே நடத்தத் தொடங்கிவிட்டது. பெண்களுக்கு அது வந்தது 2001-ல். அவனைப் போன்ற ஒருவனைப் பதினெட்டு வயதிலேயே ஆண்களின் பெரிய தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.-இன் அணி ஒன்று, இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுத்திருக்கலாம். அவன் கல்லூரியில் ஆடிக்கொண்டிருப்பான், அவனுக்கான இடம் வேறொரு நகரத்தில் காத்துக்கொண்டிருக்கும். பெண்களுக்கான இன்றைய தொழில்முறை லீக்கான பி.டபிள்யூ.எச்.எல். வெறும் ஆறு அணிகளோடு 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. ஒரே பனித்தளத்தில், ஒரே நேரத்துக்கு எழுந்து, அவனளவுக்கே திறமையோடு ஆடும் ஒருத்திக்கு அவனைப் பார்த்தால் எரிச்சல் வராதா? அதற்குப் பார்ட்டியும் வேண்டாம், பாதி கேட்ட பேச்சும் வேண்டாம். இதில் அவன் மேல் தப்பும் இல்லை. அதனால்தான் இது கனமான பகை. மன்னிப்புக் கேட்டு இதைத் தீர்க்க முடியாது, வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

அப்புறம் அந்தச் சண்டைக் காட்சி. எதிரணிக்காரன் அவளைப் பற்றி அசிங்கமாக ஏதோ சொல்கிறான், நாயகன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவனை அடிக்கிறான், ஐந்து நிமிடம் பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்துவிட்டு வந்து வெற்றி கோலையும் போடுகிறான். இரவு அவள் அவன் கன்னத்துக் காயத்துக்கு மருந்து போடுகிறாள். ஒரு காலத்தில் எனக்கே இது மிகவும் பிடித்த காட்சி. ஆனால் ஐந்து நிமிடத்தில் திரும்புவதெல்லாம் என்.எச்.எல். வழக்கம். கல்லூரி ஹாக்கியில் சண்டை போட்டால் அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற வேண்டும், அடுத்த ஆட்டமும் ஆட முடியாது. அதே சீசனில் மறுபடி செய்தால் இரண்டு ஆட்டம் போகும். தவிர, எல்லாரும் முகம் முழுவதையும் மறைக்கும் கம்பிக் கூண்டோ கண்ணாடியோ போட்டிருப்பார்கள். குத்து கம்பியில்தான் விழும்.

தகவல் பிழை கண்டுபிடித்துச் சந்தோஷப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த விதியை அப்படியே எழுதியிருந்தால் காட்சி எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்றுதான் யோசிக்கிறேன். வெள்ளி இரவு அடிக்கிறான். சனி இரவு கோட்டு போட்டுக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். கீழே அவன் இடத்தில் முதலாமாண்டுப் பையன் ஒருவன் திணறுகிறான். நான்காமாண்டு நண்பனுக்குச் சொந்த மைதானத்தில் அதுதான் கடைசி ஆட்டம், அதில் தோற்கிறார்கள். வெளியே வந்தால் அவள் நிற்கிறாள், கண்ணில் நன்றி இல்லை. "நான் கேட்டேனா உன்னை?" என்கிறாள். அவனிடம் பதில் இல்லை. ஒரு ஆட்டத்தின் விலை என்னவென்று அவனைப் போலவே அவளுக்கும் தெரியும், அவளும் ஆடுகிறவள். இந்த இடத்திலிருந்து அவர்கள் எப்படிக் காதலுக்குப் போவார்கள் என்று படிக்க நான் இரண்டு இரவு விழித்திருப்பேன்.

காதல் கதைதானே, இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மனுஷி இன்னொருவரைப் பற்றிய தன் எண்ணத்தை எப்படி மாற்றிக்கொள்கிறாள் என்பதைக் காட்டுவது லேசான வேலை இல்லை. அதைச் செய்வதாக முன்வந்த கதையிடம் அதைத்தான் எதிர்பார்ப்பேன்.

நேற்றைய நாவலிலேயே அப்படி இரண்டு பக்கம் இருந்தது. காலை ஐந்தரை மணி. பனியைச் சீவி வழவழப்பாக்கும் ஜம்போனி வண்டி அப்போதுதான் ஓடி முடித்து, பனித்தளம் ஈரமாக மின்னுகிறது. அது ஆண்கள் அணிக்கு ஒதுக்கிய நேரம். கேப்டன் அதில் பாதியைப் பெண்கள் அணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டிருக்கிறான், அதற்காகத் தன் பயிற்சியாளரிடம் திட்டும் வாங்கியிருக்கிறான். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. கதவருகே இருந்த அட்டவணையைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிகிறது. அவன் காலணியை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது, அவள் திரும்பிப் பார்க்காமல், "பாஸ் போட ஒரு ஆள் வேண்டும்" என்கிறாள். அவன் மறுபடி உட்கார்ந்து ஸ்கேட்டைக் கட்டுகிறான்.