தொழும் குன்றும் தொழில் குன்றும்: லியோனில் இரண்டு நாள்

பாரிசில் கணினித் துறையில் வேலை பார்க்கும் எனக்கு லியோன் நகரம் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவுதான். இதற்கு முன் மூன்று முறை அங்கே போயிருக்கிறேன்; ஊரைப் பார்த்து முடித்துவிட்டதாகவும் நினைத்திருந்தேன். சென்ற மாதம் காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த அப்பாவை ஒரு வெள்ளி, சனி அங்கே அழைத்துப் போன பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. அப்பா பிள்ளையார்பாளையத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டு நெய்தவர். லியோனும் பட்டு நெய்த ஊர். இந்தத் தொடர்பு எனக்குத் தெரியாததில்லை. ஆனால் தெரிந்துவைத்திருந்ததற்கும் அவரோடு நடந்து பார்த்ததற்கும் இடையே பெரிய தூரம் இருந்தது.

வார இறுதிப் பயணமாக லியோனுக்குப் போகும் நண்பர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்களுக்கு இரண்டு நாள் இருந்தால், அதில் ஒரு முழு நாளைக் குரோவா ரூஸ் குன்றுக்குக் கொடுங்கள். நான் பார்த்த பயணத் திட்டங்களில் பெரும்பாலானவை பழைய லியோன், ஃபூர்வியேர் பேராலயம், பெல்கூர் சதுக்கம், இரவு உணவு என்று முடிந்துவிடுகின்றன. நெசவாளர்கள் வாழ்ந்த குன்றுக்கு, நேரம் மிஞ்சினால் ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. 1998ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பகுதிக்குள் அந்தக் குன்றின் சரிவுகளும் அடங்கும் என்பதைக்கூட அந்தத் திட்டங்கள் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமையை நாங்களும் வழக்கமான இடங்களுக்கே கொடுத்தோம். அவை பார்க்கத் தகாதவை என்று நான் சொல்லவில்லை. கி.மு. 43இல் உரோமானியர்கள் லுக்துனும் என்ற பெயரில் நிறுவிய நகரத்தின் தொடக்கம் ஃபூர்வியேர் குன்றின் மேல்தான். அங்கே குன்றின் சரிவையே முதுகாக வைத்துக் கட்டிய அரங்கின் கல்படிகளில் உட்கார்ந்து அப்பா வெகுநேரம் இளைப்பாறினார். 1872இல் கட்டத் தொடங்கிய வெண்ணிறப் பேராலயத்தையும், கீழே புனித ஜான் பேராலயத்தில் உள்ள பழைய வானியல் கடிகாரத்தையும் பார்த்தோம். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே ஏறுவதற்குக் கம்பிவட ரயில் இருக்கிறது. தயங்காமல் அதைப் பயன்படுத்துங்கள்.

பழைய லியோனைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் இங்கே நின்று சொல்லியாக வேண்டும். பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டு வீடுகள் வரிசையாக நிற்கும் அந்தத் தெருக்கள் 1950களில் அழுக்கும் இருட்டும் நிறைந்த ஏழைக் குடியிருப்பாக இருந்தன. அவற்றின் ஊடே ஒரு சாலையை வெட்டிப் போட வேண்டும் என்று மேயர் லூயி பிரதெல் நினைத்தார். அங்கே வாழ்ந்தவர்களும் அவர்களோடு சேர்ந்த சங்கத்தாரும் எதிர்த்து நின்றார்கள். அப்போது பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்த்ரே மால்ரோவின் பெயரால் வழங்கும் 1962ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1964இல் பிரான்சிலேயே முதன்முதலாகப் பாதுகாக்கப்பட்ட நகர்ப்பகுதியாகப் பழைய லியோன் அறிவிக்கப்பட்டது. இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் அந்த இளஞ்சிவப்புக் கோபுரமும் வளைந்த படிக்கட்டுகளும் தாமாகப் பிழைத்தவை அல்ல. யாரோ சிலர் வாய் திறந்து வேண்டாம் என்று சொன்னதால் அவை நிற்கின்றன.

ஃபூர்வியேர் பேராலயத்தின் முற்றத்தில் நின்று வடக்கே பார்த்தால் சோன் ஆற்றுக்கு அப்பால் இன்னொரு குன்று தெரியும். லியோன்காரர்கள் இந்த இரண்டையும் சேர்த்து, இது தொழும் குன்று, அது உழைக்கும் குன்று என்று சொல்வது வழக்கம். தமிழில் அதைத் தொழும் குன்று, தொழில் குன்று என்றே சொல்லிவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பார்வை அந்தக் குன்றின் வீடுகளிலேயே நின்றது. "எதுக்கு இவ்வளவு உசரமா சன்னல் வச்சிருக்காங்க?" என்று கேட்டார். மூன்று முறை அந்த முற்றத்தில் நின்றிருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

அதற்கான விடையை சனிக்கிழமை அவரே கண்டுபிடித்தார். நகர மன்றத்தின் அருகில் மெட்ரோவின் சி வழியில் ஏறினால், பற்சக்கரத் தண்டவாளத்தில் அது செங்குத்தாக மேலேறிக் குரோவா ரூஸ் உச்சியில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து இறங்கி நடப்பதுதான் எளிது. பெருஞ்சாலையோரத்தில் காலைச் சந்தை கூடியிருந்தது. சந்தையைத் தாண்டிச் சரிவில் இறங்கத் தொடங்கியதும் அந்த வீடுகள் வந்துவிட்டன: அலங்காரம் ஏதுமற்ற, ஐந்தாறு மாடி உயரமுள்ள, ஒரே மாதிரியான சன்னல்கள் நெருக்கமாக வைத்த கல் கட்டடங்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் இந்தச் சரிவுகளில் துறவு மடங்கள் இருந்தன. புரட்சிக்குப் பின் அந்த நிலங்கள் பறிமுதலாகி விற்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் மேல் நெசவாளர்களுக்கென்றே இந்த வீடுகள் எழுந்தன. பூவேலை நெய்வதற்கான பெட்டியை மேலே வைத்த தறி ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரம். ஆகவே அறையின் உயரமும் நான்கு மீட்டர். பட்டின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பிரித்தறிய முடியும் என்பதால் உயரமான சன்னல்கள். தறியை முட்டுக்கொடுத்து நிறுத்தக் கூரையில் கனமான மர உத்தரங்கள். குடும்பம் படுத்து எழுந்தது அறையின் ஒரு மூலையில் கட்டிய பரணில். தறிக்காக வீடு கட்டி, மிச்சமிருந்த இடத்தில் மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. எங்கள் வீட்டிலும் கூடத்தில் பாதி தறிக்குத்தான்; நெய்பவர் கால் வைத்து மிதிக்கத் தரையில் குழி இருக்கும். ஆள் நடமாடச் சுவரோரத்தில் ஒற்றையடிப் பாதை மட்டும் இருக்கும். "நாம காலுக்குப் பள்ளம் தோண்டினோம், இவங்க தலைக்கு மேல கட்டியிருக்காங்க, அவ்வளவுதான்மா" என்றார்.

இவ்ரி தெருவில் கனூக்களின் இல்லம் என்ற சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. கனூ என்பது லியோன் பட்டு நெசவாளருக்கு உரிய பெயர். அங்கே கைத்தறியை இயக்கிக் காட்டுகிறார்கள். செயல்விளக்கம் காட்டிய பெண் மிதிக்கட்டையை அழுத்தியதும் எழுந்த ஓசைக்கு லியோன்காரர்கள் பிஸ்தாங்க்ளாக் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். பிறகு தறியின் உச்சியை நோக்கி விரலை நீட்டினார். அங்கே நூலால் கோத்த துளை அட்டைகள் மாலை போலத் தொங்கிக்கொண்டிருந்தன. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி தன் இடத்திலேயே நிற்கும், அதில் மாட்டிய பாவு (நீளவாக்கு) இழை மேலே எழும்; துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கொக்கி விலகும், இழை கீழேயே கிடக்கும். இதை அந்தப் பெண் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அப்பா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

இந்த அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யவைக்கும் பொறிக்குப் பெயர் ஜக்கார்டு பெட்டி; காஞ்சிபுரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பது அப்பாவுக்கு அன்றுதான் தெரிந்தது. ஜோசப் மரி ஜக்கார் 1752இல் இதே லியோனில் பிறந்தவர். தமக்கு முன் பலர் செய்த முயற்சிகளை ஒன்றிணைத்து 1804இல் இந்தப் பொறிக்கு வடிவம் கொடுத்தார். அதுவரை பூவேலைக்குக் கயிறு இழுக்கத் தறிதோறும் ஒரு துணை ஆள் வேண்டும்; பெரும்பாலும் அது ஒரு சிறுவனாக இருப்பான். அந்தச் சிறுவனின் வேலையை அட்டைகள் எடுத்துக்கொண்டன. எங்கள் ஊரிலும் பெட்டி வருவதற்கு முன் அடை (பூவடிவத்துக்கான நூல்கட்டு) கட்டிக் கயிறு இழுத்த பையன்களைத் தாத்தா காலத்தில் பார்த்ததாக அப்பா சொன்னார். எனக்கோ ஜக்காரின் பெயர் பொறியியல் கல்லூரியில் கணினி வரலாற்றின் முதல் பாடத்தில் வந்தது. சார்லஸ் பாபேஜ் தமது கணிப்பொறிக்குத் துளை அட்டை என்னும் கருத்தை இந்தத் தறியிலிருந்து எடுத்துக்கொண்டார் என்று மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன். வீட்டுக்கு வந்து அதே பெட்டியின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இனி, இந்தக் குன்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் முதற்காரணத்துக்கு வருகிறேன். கனூவுக்குச் சொந்தமானது தறி மட்டும். பட்டு நூலும் வடிவமும் வணிகர் கொடுப்பவை. நெய்த துணிக்கு அவர் வைத்ததே விலை. பாவும் சரிகையும் முதலாளி கொடுக்க, கூலிக்கு நெய்யும் எங்கள் ஊர் ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. 1831 அக்டோபரில் நெசவாளர் பிரதிநிதிகளும் வணிகர் பிரதிநிதிகளும் மாவட்ட ஆட்சித் தலைவர் முன்னிலையில் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்றுக்கு உடன்பட்டார்கள். வணிகர்களில் ஒரு பகுதியினர் அதை ஏற்க மறுத்தார்கள். நவம்பர் 21ஆம் நாள் குரோவா ரூஸ் நெசவாளர்கள் "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டுச் சாவோம்" என்று எழுதிய கருங்கொடியுடன் குன்றிலிருந்து இறங்கினார்கள். இரு தரப்பிலும் உயிர்கள் போன சண்டைக்குப் பிறகு நகரம் அவர்கள் கைக்கு வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் அரசு பெரும் படையை அனுப்பி நகரத்தை மீட்டது. கூலிப் பட்டியல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 1834 ஏப்ரலில் மீண்டும் எழுந்தார்கள். அந்த முறை நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களுக்காகவே வெளிவந்த ஒரு வார இதழ் இருந்தது என்பதும், தொழில் தகராறுகளைத் தீர்க்க 1806இல் லியோனில் அமைந்த மன்றத்தின் வழிவந்த தொழிலாளர் நீதிமன்றங்களுக்குத்தான் பிரான்சில் சம்பளத்துக்கு வேலை செய்யும் நான் இன்றும் போக முடியும் என்பதும் இந்தக் குன்றோடு சேர்ந்த வரலாறுதான். முதலில் அந்த மன்றத்தில் வணிகர்கள் பக்கமே பெரும்பான்மை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவர்கள் இறங்கிய கிராந்த் கோத் என்னும் சரிவுத் தெருவில்தான் நாங்களும் இறங்கினோம். வழியில் கூர் தே வோராஸ் என்னும் முற்றத்துக்குத் திரும்பினோம். லியோனில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு வீடுகளின் உள்ளேயே புகுந்து போகும் நடைவழிகளுக்கு த்ராபூல் என்று பெயர். நெய்த பட்டை மழையில் நனையாமல் இவற்றின் வழியே சுமந்து சென்றிருக்கிறார்கள். பிற்காலத்தில் நாஜி ஆக்கிரமிப்பின்போது எதிர்ப்பு இயக்கத்தாருக்கும் இவை உதவின. இந்த முற்றத்தில் திறந்தவெளிக் கல் படிக்கட்டு ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஆறு மாடிக்கு ஏறுகிறது. கீழிருந்து பார்த்தால் கட்டடமே ஒரு பெரிய தறிச்சட்டம் போலத் தோன்றும்.

நாங்கள் நின்றபோது ஒரு சுற்றுலாக் கூட்டம் எதிரொலி கேட்பதற்காக மாறி மாறிக் கூச்சலிட்டது. மூன்றாம் மாடியில் ஒரு சன்னல் திறந்தது. வயதான ஒருவர் தலையை நீட்டி, ஒன்றும் பேசாமல், உதட்டில் விரலை வைத்துவிட்டு உள்ளே போனார். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. நூற்றுக்கணக்கான த்ராபூல்களில் சிலவற்றைத்தான் வெளியார் பார்க்க முடியும். அவையும் தனியார் வீடுகளே. பராமரிப்புச் செலவில் நகராட்சி பங்கேற்க, பகல் நேரத்தில் வழிவிட வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருடைய வாசல்நடையில் நிற்கிறோம் என்ற நினைவோடு மெதுவாகப் பேசுங்கள், சன்னல்களுக்குள் படம் எடுக்காதீர்கள். இந்தக் கூச்சல் தொடர்ந்தால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். அப்படிச் சாத்துபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

மதியம் அப்பாவுக்குச் செர்வெல் த கனூ வாங்கிக்கொடுத்தேன். நெசவாளியின் மூளை என்று பொருள் தரும் அந்தப் பெயரைக் கேட்டு முதலில் தயங்கினார். புதுப் பாலாடைக்கட்டியில் பூண்டும் வெங்காயத்தாள் போன்ற கீரையும் எண்ணெயும் புளிக்காடியும் சேர்த்துக் கலக்கியது, வேறொன்றுமில்லை. ஆட்டு மூளை வாங்க வழியில்லாதவர்களின் உணவு என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. தயிர்ப் பச்சடி மாதிரி இருக்கிறது என்று ரொட்டியோடு முழுவதையும் சாப்பிட்டார்.

லியோனைக் குறையில்லாத ஊராக நான் காட்டவில்லை. தறிகள் ஏறக்குறைய எல்லாம் ஓய்ந்த பிறகே இந்தப் பெருமை முழுமையாக வந்தது. கனூக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அறைகள், அந்த உயரத்துக்காகவும் உத்தரங்களுக்காகவுமே இன்று விலையேறிவிட்டன. ஆனாலும் ஒரு பெருஞ்சாலைக்குக் கனூக்களின் பெயர். அதன் முனையில் 1987இல் தொடங்கி இருமுறை புதுப்பித்து வரைந்த 1,200 சதுர மீட்டர் சுவரோவியத்திலும் அவர்கள் பெயர். அரசுக்கு எதிராக எழுந்த கூலிக்காரர்களைத் தன் முன்னோர் என்று ஒரு நகரம் சொல்லிக்கொள்வதை நான் மதிக்கிறேன். காஞ்சியில் கோயில்களைப் பார்க்க வருபவருக்குப் பிள்ளையார்பாளையத்தில் காட்ட, குழியும் தறியும் பரணும் இருந்தபடியே இருக்கும் ஒரு பழைய நெசவாளர் வீடாவது வேண்டும். இன்னும் நெய்பவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுக் குழியைச் சில ஆண்டுகளுக்கு முன்பே மண் போட்டு மூடி, டைல்ஸ் ஒட்டிவிட்டோம். பெட்டி மட்டும் அட்டைக் கட்டோடு பரணில் கிடக்கிறது. அன்று இரவு ரயிலில் அப்பா என் கைப்பேசியை வாங்கித் தம்பியை அழைத்தார். ஊரில் நள்ளிரவு தாண்டியிருந்தது. அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம், தான் வரும் வரை யாரும் அதைத் தொடவும் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தார்.