சகதி அள்ளுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடியில் எடுத்த வீடியோவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி கல்லூரியில் பாடம் எடுக்கிற ஒருவரே சிரிப்பு பொம்மை போட்டு அதைப் பகிர்ந்திருந்தார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அலையாத்தி மரத்தடியில் குனிந்து சகதி அள்ளிக் கவரில் போடுகிறாள் ஒரு பிள்ளை. "சாயம் காய்ச்சி டாக்டர் பட்டம் வாங்கப் போறாளாம்" என்று அதற்குத் தலைப்பு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அவள் சாயம் காய்ச்சவில்லை. சகதியில் இருக்கிற நிறமுள்ள பாக்டீரியாக்களில் புது ஆன்டிபயாடிக் மருந்து தேடுகிறாள். ஒரு கிராம் மண்ணிலேயே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அதைக் கரைத்து, பத்துப் பத்து மடங்காக நீர்க்க வைத்து, பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி ஊற்றிய அகார் தட்டில் பரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆக்டினோமைசீட்ஸ் என்கிற மண் பாக்டீரியா வகை வளர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அப்புறம் புள்ளி புள்ளியாகச் சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று எழும்பி வரும். செராட்டியா என்கிற பாக்டீரியாவின் சிவப்பு நிறப்பொருளான புரோடிஜியோசினும், குரோமோபாக்டீரியம் என்கிற பாக்டீரியாவின் ஊதா நிறப்பொருளான வயலசீனும் வேறு பல பாக்டீரியாக்களை அடக்கக்கூடியவை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்கிற ஆக்டினோமைசீட் கசியவிடும் நீலம் ஆக்டினோரோடின் என்கிற ஆன்டிபயாடிக்கேதான். சாப்பாடு குறைந்து வளர்ச்சி மந்தமாகும்போதுதான் பெரும்பாலும் இவை இந்தப் பொருள்களைச் சுரக்கின்றன. நிறம் ஒரு தடயம். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் போகிறாள்.

"அப்போ கலர் இருந்தாலே மருந்தா?" என்று கமெண்டில் கேட்டிருக்கிறார்கள். இல்லை. காசநோய்க்கு முதலில் வந்த ஸ்ட்ரெப்டோமைசினுக்கு நிறமே கிடையாது. அதனால்தான் நோய்க்கிருமி பரப்பிய தட்டில் நம் பாக்டீரியாவை வைத்து, அதைச் சுற்றிலும் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் விழுகிறதா என்று பார்க்கிறோம். நானும் இந்த வேலை செய்தவள்தான். பல தட்டுகளில் வட்டமே விழாது.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த என் சித்தப்பாவுக்குக் காசநோய் வந்தது. மாத்திரை தொடங்கியதும் மூத்திரம் ஆரஞ்சும் சிவப்புமாகப் போக, ரத்தம் என்று நினைத்துச் சித்தி அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். 1957இல் பிரான்ஸின் தென்கடற்கரைப் பைன் காட்டு மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவை மிலான் ஆய்வகம் ஒன்று வளர்த்து ரிஃபாமைசினை எடுத்தது. அதைத் திருத்தி உருவாக்கியதுதான் ரிஃபாம்பிசின். சித்தப்பா பிழைத்தது யாரோ அள்ளிய மண்ணால். மண் அள்ளுவது கேவலம் என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சாச்சு" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1948இல் ஆரியோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் வெளிவந்தபோது அதை உருவாக்கிய நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ். அதுவும் மண்ணிலிருந்து வந்ததுதான், மிசௌரி வயல் மண். பொன்மஞ்சள் நிறம். இருக்கிற மருந்துகளுக்குக் கிருமிகள் பணியாமல் போகிற காலம் இது. புதிதாகத் தேட வேண்டாமா?

இங்கே பாதி ஆய்வு தெளிந்த வட்டத்தோடு நின்றுவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, அது உண்மை. ஏன் நிற்கிறது என்று அவர் கேட்கவில்லை. பொருளைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டுபிடிக்க என்.எம்.ஆர். என்கிற விலை உயர்ந்த கருவி வேண்டும். வெளியே சாம்பிள் அனுப்பிக் காசு கட்ட வேண்டும். உதவித்தொகை மாதக்கணக்கில் வராத பிள்ளை எங்கே போவாள்?

இதே சகதியை ஒரு பையன் அள்ளியிருந்தால் "விஞ்ஞானி" என்று தலைப்பு போட்டிருப்பீர்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வயசு இருபத்தெட்டு ஆகியும் கல்யாணம் ஆகவில்லையா என்று எழுதின அண்ணன்மார்களே, அவள் ஆராய்ச்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நானும் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் வந்தேன். நாகர்கோவிலில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்று, மாதிரிகளை ஐஸ் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது பக்கத்து சீட்டு அக்கா பெட்டியில் இருப்பது மீன்தானா என்று கேட்பார். அவரிடம் பொறுமையாகச் சொல்ல முடிந்தது. படித்தவர்களிடம் சொல்லத்தான் முடியவில்லை.

வீடியோ எடுத்த தம்பி இதைப் படிப்பார் என்று தெரியும். அவள் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. அவளிடம் கேட்டு எடுத்ததில்லை. இன்றைக்கே அதை நீக்குங்கள். பகிர்ந்த சாரும் நீக்கட்டும்.