நாலு நிமிடத்தில் நிறுத்திய கான்செர்டோ

ஞாயிற்றுக்கிழமை நம் ஆன்லைன் இசைக் கூடுகையில் இருந்தவர்களுக்கு இந்தப் பதிவு எதற்கென்று தெரியும். அன்றைக்கே எழுதியிருந்தால் வார்த்தை தடித்திருக்கும். அதனால் ஆறப்போட்டேன். ஆறவில்லை.

சோவியத் காலத்து ஆர்மேனிய இசையமைப்பாளர் ஆரம் கச்சதூரியனின் செல்லோ கான்செர்டோ. செல்லோ என்கிற பெரிய வில் வாத்தியம் முன்னே நிற்க, ஆர்க்கெஸ்ட்ரா கூடவே வாசிக்கும் நீண்ட இசை. ஸ்வியாதோஸ்லாவ் க்னுஷெவித்ஸ்கி வாசித்து, அலெக்சாந்தர் காவுக் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய பழைய ஒலிப்பதிவு. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடிய இசை. நாலு நிமிடம் ஆனதும் நிறுத்தினார்கள். "இரைச்சல் தாங்கல, சினிமா பின்னணி மாதிரி வேற இருக்கு, இதெல்லாம் ஸ்டாலின் காலத்துப் பிரச்சாரச் சரக்கு" என்றார் கூடுகையை நடத்தியவர். ஒருவர் மெதுவாக ஆட்சேபித்தபோது, "ரஷ்ய செல்லோன்னா ரோஸ்ட்ரோபோவிச் போதும்" என்று, உலகப் புகழ்பெற்ற அந்தச் செல்லோ கலைஞரின் பெயரோடு முடித்துவிட்டு, இன்னொரு சோவியத் இசையமைப்பாளரான ஷோஸ்டகோவிச்சுக்குப் போய்விட்டார். பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்கு வலித்தது அந்தச் சிரிப்புதான்.

பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஒருவருக்குப் பிடிக்காதது இன்னொருவருக்குப் பிடிக்கும், அது வேறு. கேட்காமலே தீர்ப்பு சொன்னதுதான் என் வழக்கு. முதல் பகுதிகூட முடியவில்லை. இரண்டாம் பகுதியில் செல்லோ என்ன செய்கிறது என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாமலே போயிற்று. ஒரு கான்செர்டோவை முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். முழுசாக.

முதலில் ஒலித்தரம். பழசுதான், ஒத்துக்கொள்கிறேன். மோனோ பதிவு. செல்லோவுக்குப் பக்கத்திலேயே மைக் வைத்த மாதிரி இருக்கும், ஆர்க்கெஸ்ட்ரா பின்னால் ஒடுங்கிக் கிடக்கும், எல்லா வாத்தியங்களும் சேர்ந்து உரக்க முழங்கும் இடங்களில் ஒலி கரகரக்கும். இதையெல்லாம் மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ரெக்கார்டைப் போட்டால் இரைச்சல் என்று யாராவது நிறுத்துவீர்களா? கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவீர்கள். அந்த மரியாதையில் கால்வாசியை க்னுஷெவித்ஸ்கிக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏன் அவருக்கு? அந்த இசையே அவருக்காக எழுதப்பட்டது என்பதால். டேவிட் ஓய்ஸ்த்ராக், லெவ் ஒபோரின், க்னுஷெவித்ஸ்கி மூவரும் சேர்ந்து ஒரு டிரியோவாக வாசித்தவர்கள். கச்சதூரியன் 1936-ல் பியானோ கான்செர்டோ எழுதினார், ஒபோரினுக்கு. 1940-ல் வயலின் கான்செர்டோ, ஓய்ஸ்த்ராக்குக்கு. 1946-ல் செல்லோ கான்செர்டோ, க்னுஷெவித்ஸ்கிக்கு. ஒரே டிரியோவின் மூன்று பேருக்கு மூன்று கான்செர்டோ. முதல் இரண்டும் உலகம் சுற்றின. மூன்றாவது மட்டும் பின்வரிசையிலேயே நின்றுவிட்டது. அதையும் நாம் நாலு நிமிடத்தில் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டோம்.

இன்னொன்று. 1945-ல் இன்னொரு சோவியத் இசையமைப்பாளர் மியாஸ்கோவ்ஸ்கியின் செல்லோ கான்செர்டோவை முதன்முதலில் மேடையேற்றியவர் யார்? க்னுஷெவித்ஸ்கி. 1946-ல் கச்சதூரியன். 1949-ல் கபலேவ்ஸ்கியின் முதல் கான்செர்டோ. மூன்றும் இவர் கையில்தான் பிறந்தன. இந்த மனிதரைத்தான் "யாரோ ஒருத்தர்" என்று ஞாயிற்றுக்கிழமை அறிமுகப்படுத்தினார்கள்.

ரோஸ்ட்ரோபோவிச்சை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று இந்நேரம் யாராவது கிளம்பியிருப்பீர்கள். இல்லை. ஷோஸ்டகோவிச்சின் முதல் செல்லோ கான்செர்டோவை 1959-ல் நாலே நாளில் மனப்பாடம் செய்தவர் அவர். இசையமைப்பாளர் புரோகோபியெவின் பழைய செல்லோ கான்செர்டோ 1938-ல் மாஸ்கோவில் அரங்கேறித் தோற்றது. அதை எடுத்து ரோஸ்ட்ரோபோவிச் வாசித்ததால்தான் புரோகோபியெவ் அதைப் பிரித்துப்போட்டுத் திரும்ப எழுதினார். அதிலிருந்து வந்ததுதான் சிம்பொனி-கான்செர்டோ. அதன் முதல் வடிவம் 1952 பிப்ரவரியில் அரங்கேறியபோது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியது யார் தெரியுமா, பியானோ மேதை ரிக்டர். வாழ்நாளில் அவர் நடத்துநராக மேடை ஏறியது அந்த ஒரு முறைதான். இதையெல்லாம் மணிக்கணக்கில் பேச எனக்கு ஆசைதான். ரோஸ்ட்ரோபோவிச் இல்லையென்றால் இருபதாம் நூற்றாண்டின் செல்லோ இசையில் பாதி இல்லை.

ஆனால் அவர் "போதும்" என்பது வேறு பேச்சு. க்னுஷெவித்ஸ்கி 1963-லேயே இறந்துவிட்டார். ரோஸ்ட்ரோபோவிச் 2007 வரை இருந்தார். லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நல்ல ஸ்டூடியோக்களில் பதிவு செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஒருவரின் ஒலி தெளிவாக நமக்கு வந்து சேர்ந்தது, இன்னொருவரின் ஒலி மங்கலாக வந்தது. அதை வைத்துக் கலையை அளப்பது என்ன நியாயம்? தனீல் ஷாஃப்ரான் என்று இன்னொரு செல்லோ கலைஞர் இருந்தாரே, கபலேவ்ஸ்கியின் இரண்டாம் கான்செர்டோவை எழுதியவரையே நடத்துநராக வைத்துப் பதிவு செய்தவர், அவரையும் "போதும்" என்ற ஒற்றை வார்த்தையில் தள்ளிவிடுவீர்களா?

சினிமா பின்னணி விஷயத்துக்கு வருகிறேன். 1935-ல் ஆர்மேனியாவின் முதல் பேசும் படத்துக்கு இசையமைத்தவர் கச்சதூரியன். ஆமாம், சினிமாவுக்கு எழுதினார், பாலேவுக்கு எழுதினார். அதில் என்ன கேவலம்? நீங்கள் அடுத்துப் போட்ட ஷோஸ்டகோவிச்சும் சினிமாவுக்கு எழுதிக் குவித்தவர்தான். அவருக்கு மட்டும் அது குற்றமில்லையா?

பிரச்சாரம் என்கிற குற்றச்சாட்டுதான் என்னைத் தூங்கவிடாதது. கச்சதூரியன் ஸ்டாலினைப் பற்றிப் பாடல் எழுதினார், சோவியத் ஆர்மேனியாவின் கீதத்துக்கு இசையமைத்தார். மறைக்கவில்லை. சரி, அந்த ஆட்சி அவரை எப்படி நடத்தியது? 1948 பிப்ரவரியில் கட்சியின் மத்தியக் குழு ஒரு தீர்மானம் போட்டது. மக்களுக்கு விரோதமான இசை எழுதுகிறார்கள் என்று பெயர் சொல்லிக் கண்டித்தது. ஷோஸ்டகோவிச், புரோகோபியெவ், மியாஸ்கோவ்ஸ்கி, கச்சதூரியன் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். செல்லோ கான்செர்டோ அரங்கேறி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. கட்சி அவரை மக்களின் எதிரி ரகத்தில் வைத்தது, நாம் அவரைக் கட்சியின் பிரச்சாரகர் ஆக்குகிறோம். நடுவில் அந்த மனிதர் எங்கே போய் நிற்பார்?

வெய்ன்பெர்க் என்று ஓர் இசையமைப்பாளரின் பெயர் சொன்னால் அந்தச் சிரிப்பு நிற்குமா பார்க்கிறேன். போலந்திலிருந்து உயிர் தப்பி சோவியத்துக்கு ஓடிவந்த யூதர். மாமனார் மிஹோயல்ஸ், புகழ்பெற்ற யூத நாடகக் கலைஞர், 1948 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதே வருஷம் வெய்ன்பெர்க் செல்லோ கான்செர்டோ எழுதினார். அது மேடை ஏறியது 1957-ல். நடுவில் 1953 பிப்ரவரியில் அவரையே கைது செய்தார்கள். அந்தக் கான்செர்டோவின் தொடக்கத்தில் செல்லோ நீளமாக ஒரு மெட்டு வாசிக்கும். அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து "பிரச்சாரச் சரக்கு" என்று சொல்லுங்கள் பார்க்கலாம். அதை வாசித்ததும் ரோஸ்ட்ரோபோவிச்தான், உங்கள் ரோஸ்ட்ரோபோவிச்தான்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். சொல்கிறேன்.

என் சித்தப்பா நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் சோவியத் புத்தகம் வாங்கி வாங்கி அடுக்கியவர். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சிட்ட கெட்டி அட்டைப் புத்தகங்கள், அதற்கு நடுவே சில இசைத்தட்டுகள். லேபிளில் ஒரு எழுத்துக்கூட எங்களுக்கு விளங்காது. கச்சதூரியன் தட்டில் ஒரு பக்கம் கீறல் விழுந்து ஊசி தாவும். தாவாமல் இருக்க ஊசியின் தலைமேல் நாலணா வைப்பார். காசை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார், ஓடுகிறதா என்று பார்க்க. அவருக்கு மேற்கத்திய இசை தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு நாளும் பாதியில் நிறுத்தியதில்லை. "அவன் முடிக்கட்டும்டா" என்பார். அவ்வளவுதான் அவருடைய இசை ரசனைப் பாடம். ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தவர்களில் பலர் அவரைவிட நூறு மடங்கு படித்தவர்கள்.

அந்த இரண்டாம் பகுதியைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன், நீங்கள்தான் கேட்கவில்லையே. கச்சதூரியன் பிறந்தது ஜார்ஜியாவின் திபிலீசியில், 1903-ல், ஆர்மேனியக் குடும்பத்தில். ஊரில் ஆஷுக் என்கிற பாடகர்கள் தெருவில் பாடுவார்கள். கமாஞ்சா என்றொரு வாத்தியம், முழங்கால் மேல் நிறுத்திவைத்து வில்லால் இழுப்பது. அதைக் கேட்டு வளர்ந்தவர். மாஸ்கோ போய், பத்தொன்பது வயதில் க்னெஸின் இசைப் பள்ளியில் சேர்ந்தபோது முறையான பயிற்சி எதுவும் கிடையாது. அவர் கையில் கொடுத்த வாத்தியம் செல்லோ. ஆக, இந்தக் கான்செர்டோ செல்லோவைத் தன் விரலால் அழுத்திப் பார்த்த ஒருவர் எழுதியது. இரண்டாம் பகுதியில் செல்லோ ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றியே வளையும், அரை ஸ்வரம் ஏறும், இறங்கும், விட்டுப் போக மனசில்லாமல் திரும்பி வரும். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் விளக்கவுரையே தேவையில்லை. க்னுஷெவித்ஸ்கி அந்த இடத்தை அவசரப்படாமல், வில்லை முழு நீளத்துக்கும் இழுத்து வாசிப்பார். அந்த மோனோ இரைச்சலைத் தாண்டி அது வருகிறது. எனக்கு வருகிறது. உங்களுக்கு வரவில்லையென்றால் வரவில்லை என்று சொல்லுங்கள், கேட்டபிறகு.

வயலின் கான்செர்டோ அளவுக்கு இது இறுக்கமாக இல்லை என்று விஷயம் தெரிந்த ஒருவர் தனிச் செய்தியில் எழுதியிருந்தார். நியாயமான பேச்சு. முதல் பகுதி கொஞ்சம் அலைகிறது, கடைசிப் பகுதி திரும்பத் திரும்ப ஒரே ஓட்டத்தில் ஓடுகிறது. அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. ஏனென்றால் அவர் கேட்டிருக்கிறார்.

"நமக்கெதுக்குய்யா ஆர்மேனியா" என்று ஒருவர் எழுதினார். அவருக்குப் பதில் கிடையாது.

அப்புறம், "ரஷ்ய செல்லோ" என்ற அந்த மூட்டை. கச்சதூரியன் ஆர்மேனியர். 1962-ல் செல்லோ கான்செர்டோ எழுதிய அர்னோ பாபஜான்யான் ஆர்மேனியத் தலைநகர் யெரெவான்காரர். மூவர் வாசிக்கத் தான் எழுதிய டிரியோவை ஓய்ஸ்த்ராக்கோடும் இதே க்னுஷெவித்ஸ்கியோடும் உட்கார்ந்து பதிவு செய்தவர். செல்லோ கலைஞர் மெதேயா ஆப்ரகாம்யான் ரோஸ்ட்ரோபோவிச்சிடம் படித்துவிட்டு, யெரெவானில் ஆர்மேனியர்களின் செல்லோ இசையை வாசிப்பதிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். திக்ரான் மன்சுரியான் எழுபதுகளிலிருந்து செல்லோ கான்செர்டோக்களாக எழுதியவர். இத்தனை பேரையும் ஒரே மூட்டையில் கட்டி, மேலே வேறொரு ஊரின் பெயரை எழுதி, அதற்கும் ஒரே ஒருவர் போதும் என்கிறோம். சின்ன இனம் என்றால் பெயர்கூட வேண்டாமா? மொழிக்கும் பெயருக்கும் இவ்வளவு சண்டை போட்ட நாம் இதைச் செய்யலாமா?

ரோஸ்ட்ரோபோவிச், ஆட்சியை எதிர்த்து எழுதிய எழுத்தாளர் சோல்ஜெனித்சினுக்கு அடைக்கலம் கொடுத்ததற்காக நாட்டைவிட்டு வெளியேற வேண்டிவந்தது, 1974-ல். 1978-ல் குடியுரிமையைப் பறித்தார்கள். அவர் பெயரையே சொந்த நாட்டில் சொல்லாமல் மறைத்தார்கள். அப்படி மறைக்கப்பட்டவரின் பெயரை வைத்து இன்னொருவரை மறைக்காதீர்கள், தயவுசெய்து.

எங்கே தொடங்குவது என்று கேட்டவர்களுக்கு. ஒலி தெளிவாக வேண்டுமென்றால் மரீனா தராசோவா வாசித்து வெரோனிகா துதரோவா நடத்தியது இருக்கிறது, கச்சதூரியனின் கான்செர்டோவும் பின்னால் அவர் எழுதிய கான்செர்டோ-ராப்சடியும். அலெக்சாந்தர் சவுஷ்யான் ஆர்மேனிய ஆர்க்கெஸ்ட்ராவோடு கச்சதூரியனைப் பதிவு செய்திருக்கிறார். ஆஸ்த்ரிக் சிரனோஸ்யான் 2018-ல் பதிவு செய்ததும் நல்ல வாசிப்பு. இவற்றில் எதில் வேண்டுமானாலும் இசையைப் பழகிக்கொள்ளுங்கள், பிறகு க்னுஷெவித்ஸ்கிக்கு வாருங்கள். இரைச்சல் அப்போது அவ்வளவு பெரிசாகத் தெரியாது.

கூடுகையை நடத்தியவருக்கு ஒன்று. உங்கள்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை, வருத்தம் இருக்கிறது. அடுத்த கூடுகைக்கு என் தேர்வைக் கேட்டிருந்தீர்கள், பாபஜான்யான் என்று கொடுத்திருக்கிறேன். நடுவில் நிறுத்துவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், பட்டியலிலிருந்து நானே எடுத்துவிடுகிறேன்.