தொப்பி போட்ட பாக்-மேன்

1980களின் தொடக்கத்தில் ஆர்கேட் விளையாட்டுகளை (காசு போட்டு ஆடும் பெட்டி விளையாட்டுகளை) உரிமம் இல்லாமல் வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களைப் பற்றி யார் எழுதினாலும், முதல் வரியிலேயே திருட்டு என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உரிமம் பெற்ற பதிப்பையும் பெறாத பதிப்பையும், பழைய கருவிகளைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள். உரிமத்தால் பெட்டியின் மேல் பெயர் அச்சிட முடிந்தது. உள்ளே இருந்த ஆட்டம் நன்றாக அமைவதற்கு அது எந்த வகையிலும் உதவவில்லை.

பாக்-மேனையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் நாம்கோ நிறுவனத்துக்காக தோரு இவாதானி வடிவமைத்து 1980-ல் வெளிவந்த ஆட்டம். வளைந்து செல்லும் வழித்தடத்தில் மஞ்சள் வட்டம் ஒன்று பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்றுகொண்டே போக வேண்டும். வீட்டுப் பதிப்புக்கான உரிமையை அட்டாரி வாங்கியது. 1982-ல் அதன் வீட்டு விளையாட்டுக் கருவியான அட்டாரி 2600-க்கு வந்த பதிப்பில் பேய்கள் நான்கும் மினுக் மினுக்கென்று மறைந்து மறைந்து தோன்றும். அந்தக் கருவியின் மொத்த நினைவகம் 128 பைட், கார்ட்ரிட்ஜில் நிரலுக்குக் கிடைத்தது 4 கிலோபைட். நான்கு பேய்களையும் ஒரே நேரத்தில் வரைய வழியில்லாததால் நிரலை எழுதிய டாட் ஃப்ரை அவற்றை முறைவைத்து, திரையில் மாறிமாறித் தோன்றும் படங்களில் ஒரு படத்துக்கு ஒன்றாக வரைந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பெட்டியில் அது ஓடியதே பெரிய காரியம். ஆனால் புள்ளிகள் கோடுகளாகி, வண்ணங்கள் மாறி, சத்தமும் வேறாகி வந்த அந்த ஆட்டம்தான் சட்டப்படி அசல். 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அதே காலத்தில் மாக்னவாக்ஸ் ஒடிசி 2 கருவிக்கு எட் அவெரெட் எழுதிய கே.சி. மஞ்ச்கின் 1981-ல் வந்தது. பாக்-மேனைப் பார்த்துத்தான் எழுதினார், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அவர் செய்த மாற்றங்களைக் கவனியுங்கள். திரையில் மொத்தம் 12 புள்ளிகள்தான். அவை ஒரே இடத்தில் கிடக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். தின்னத் தின்ன மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். கடைசிப் புள்ளி உங்கள் வேகத்துக்கே ஓடும். பின்னால் துரத்திப் பயனில்லை, எங்கே திரும்பும் என்று கணித்துப் போய் மறிக்க வேண்டும். ஆடுபவரே தனக்கு வேண்டிய வழித்தடத்தை வரைந்துகொள்ளவும் முடியும். பாக்-மேனில் இவை எதுவும் கிடையாது.

அட்டாரி வழக்குப் போட்டது. கீழ்நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. 1982 மார்ச்சில் அமெரிக்காவின் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பிப்போட்டது. விளையாட்டின் விதிகளுக்குப் பதிப்புரிமை கிடையாது, வழித்தடமும் புள்ளிகளும் மதிப்பெண் அட்டவணையும் இந்த வகை ஆட்டங்களுக்குப் பொதுவானவை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தின்னும் உருவத்தையும் பேய்களையும் காட்டித் தடை விதித்தார்கள். சட்டம் கோடு கிழித்த இடம் சரிதான் என்பேன். விதிகளுக்கும் உரிமை கொடுத்திருந்தால் வழித்தட ஆட்டம் எழுத வேறு எவராலும் முடிந்திருக்காது. என் வருத்தமெல்லாம் அதனால் நடந்ததைப் பற்றித்தான்: யோசித்து எழுதிய ஆட்டம் கடைகளிலிருந்து போனது, மினுக்கும் பேய்கள் வந்து அலமாரியில் உட்கார்ந்தன.

பிரிட்டனில் இதே சிக்கல் கொஞ்சம் வேடிக்கையாகத் தீர்ந்தது. பிபிசி மைக்ரோ கணினிக்கு ஏகார்ன்சாஃப்ட் 1982-ல் வெளியிட்ட ஸ்னாப்பர், முதலில் அப்பட்டமான பாக்-மேன். எதிர்ப்பு வரும் என்று தெரிந்ததும் திரும்பப் பெற்று, உருவங்களை மட்டும் மாற்றி மறுபடியும் விற்றார்கள். மஞ்சள் வட்டத்தின் தலையில் ஒரு பச்சைத் தொப்பி, பேய்களுக்குப் பதில் கைகால் முளைத்த ஒல்லிப் பூதங்கள். ஆட்டம் அப்படியே இருந்தது! இன்றைக்கு எமுலேட்டரில் ஆடினாலும் அந்தத் தொப்பி ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணை உறுத்தும். ஆனால் திருப்பங்கள் துல்லியம், வேகம் கச்சிதம். (பிபிசி மைக்ரோ நமக்கும் தூரத்துச் சொந்தம்தான். 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்து இறங்கியவை இதே கணினிகள்.) அதே நிறுவனத்தின் பிளானடாய்ட், தொடக்கத்தில் டிஃபெண்டர் என்ற ஆர்கேட் பெயரிலேயே விற்கப்பட்டது. ஆட்டத்தைப் பார்த்து எழுதியவருக்கு நான் வக்காலத்து வாங்குவேன். அடுத்தவர் பெயரையே ஒட்டி விற்றதற்கு வாங்க மாட்டேன்.

நகல் எழுதிய இவர்கள் யார் கையிலும் ஆர்கேட் ஆட்டத்தின் மூல நிரல் இல்லை. உரிமம் வாங்கியவர்களுக்கும் பெரும்பாலும் அதே கதிதான். காசு போட்டு ஆடி, கண்ணால் பார்த்து, வீட்டுக்கு வந்து எழுத வேண்டும். பாக்-மேனில் சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் இடத்தைக் குறிவைக்கும். இளஞ்சிவப்புப் பேய் உங்களுக்கு நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். ஆரஞ்சுப் பேய் எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கிவிட்டால் தன் மூலைக்குத் திரும்பிவிடும். இந்த ரகசியம் திரையில் எங்கும் எழுதியிருக்காது. பெரும்பாலான நகல்களில் பேய்கள் குருட்டாம்போக்கில் அலையும், இரண்டு நிமிடத்தில் சலித்துவிடும். நகல்களில் குப்பைதான் அதிகம், அதை மறைக்கவில்லை. தேறியவை எழுதியவரின் கண்ணால் தேறியவை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆப்பிள் 2 கணினியின் டாக்ஸ்மேன் கதை. பிரையன் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதி 1981-ல் எச்ஏஎல் லேப்ஸ் என்ற சிறு அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட நகல் அது. ஆர்கேட் பெட்டிக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் அட்டாரியின் கண்ணில் பட்டது. பிறகு அட்டாரிசாஃப்ட் என்ற பெயரில் அதே கணினிக்கு அட்டாரி அதிகாரப்பூர்வ பாக்-மேனை வெளியிட்டபோது, புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டிருக்கவில்லை. டாக்ஸ்மேனையே எடுத்து, சில்லறை மாற்றங்கள் செய்து, முகப்பில் பாக்-மேன் என்று போட்டு விற்றது. இரண்டும் எமுலேட்டர்களில் ஓடுகின்றன, யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.